வடகொரியா எதையும் 'தெரிவிப்பதில்லை'

"வடகொரியா எதையும் தெரிவிக்காது, தம்பி. வடகொரியா மிரட்டும்."

ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் நான் சேர்ந்த முதல் வாரம், எங்கள் டெஸ்க்கில் மூத்தவர் சொன்னது இது. கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் நான் எழுதிக் கொடுத்த தலைப்பில் 'அறிவிப்பு' என்று இருந்ததை அடித்துவிட்டு 'மிரட்டல்' என்று போட்டது கிண்டல் இல்லை, மறுநாள் பேப்பரில் அப்படியே வந்தது. கேட்டால் இடம் இல்லை என்பார்கள். சிங்கிள் காலம் செய்திக்கு மேலே நீளமான சொல் உட்காராது என்பது வாஸ்தவம்தான், அந்தச் சாக்கை நானும் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். வேலையை விட்டுப் பல வருடம் கழித்து ஒருநாள் சும்மா விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். மிரட்டல், ஐந்து எழுத்து. அறிவிப்பு, அதுவும் ஐந்து எழுத்து.

நான்கு வருடம் அந்தப் பக்கத்தில் இருந்தேன். சாயங்காலம் ஆனால் செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் காப்பி ஆங்கிலத்தில் வந்து கொட்டும். அதில் நாலைந்து செய்திகளைப் பொறுக்கி, தமிழாக்கி, வெட்டி, விளம்பரம் போக மிச்சமிருக்கும் இடத்தில் உலகத்தை அடைக்க வேண்டும். எங்களில் யாரிடமும் அப்போது பாஸ்போர்ட்கூட இல்லை. ஒரு நாட்டையும் கண்ணால் பார்க்காமலே ஐம்பது அறுபது நாடுகளைப் பற்றி எழுதியிருப்பேன், கொஞ்சமும் உறுத்தாமல்.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வினைச்சொல் ஒதுக்கியிருந்தோம். யாரும் பட்டியல் போட்டு ஒட்டவில்லை, கை தானாகப் பழகிவிடும். அமெரிக்கா வலியுறுத்தும், கவலை தெரிவிக்கும், ரொம்பக் கோபம் வந்தால் எச்சரிக்கும். ஐரோப்பிய நாடுகள் ஆலோசனை நடத்தும். ரஷ்யா குற்றம்சாட்டும், ஈரான் சவால் விடும், சீனா அத்துமீறும், பாகிஸ்தான் கொக்கரிக்கும் (கொக்கரிப்பது கோழி, அதுவும் முட்டையிட்ட பிறகு, ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சருக்கு அந்தச் சொல்லைப் போட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்ததில்லை). ஆப்பிரிக்க நாடுகளுக்கு வினையே கிடையாது. அவை எதுவும் செய்யாது. அங்கே ஏதாவது வெடிக்கும், பரவும், தலைவிரித்தாடும்.

இதெல்லாம் பொய்யா என்றால் இல்லை. வடகொரியா 2006-லிருந்து 2017 வரை ஆறு முறை அணுகுண்டுச் சோதனை நடத்தியிருக்கிறது, அதை மிரட்டல் என்று எழுதினால் குற்றமில்லை. ஆனால் எழுத வேண்டிய இடத்தில் எழுதினோமா, எல்லா இடத்திலும் எழுதினோமா? பேச்சுவார்த்தைக்குத் தயார் என்று அவர்கள் சொன்ன ஒரு நாள் 'வடகொரியா திடீர் பல்டி' என்று தலைப்பு வைத்தவன் நான். நிறைய நேரம் யோசித்தெல்லாம் வைக்கவில்லை, அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

உள்ளூர்ச் செய்தியில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. 'பதற்றம்' என்று பேப்பர் போட்டால் நாலு போலீஸ்காரர்கள் நின்றிருப்பார்கள் என்று வாசகருக்கே கழித்துக்கொள்ளத் தெரியும், அந்த வழியாகத்தான் நேற்று அவர் வீட்டுக்குப் போயிருப்பார். வெளிநாடு என்று வந்துவிட்டால் கழிப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அங்கே அத்தை இல்லை, சிநேகிதன் இல்லை, போன வருடம் போய்வந்த ஞாபகம் இல்லை. பேப்பர் தந்த நாலு சொல்தான் அந்த நாடு. அதனால் உள்ளூர்ப் பக்கத்தைவிட வெளிநாட்டுப் பக்கத்தில்தான் சொல்லை அளந்து போட வேண்டும், நடப்பதோ தலைகீழ். வெளிநாட்டுப் பக்கத்தில் ஒரு வசதி உண்டு, மறுநாள் காலையில் யாரும் போன் பண்ணித் திட்டமாட்டார்கள்.

1920-இல் வால்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து ஒரு வேலை பார்த்தார்கள். ரஷ்யப் புரட்சி பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' மூன்று வருடம் எழுதியதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, என்ன எழுதினார்கள், பிறகு என்ன நடந்தது என்று ஒப்பிட்டார்கள். 1917 நவம்பரிலிருந்து இரண்டு வருடத்தில் போல்ஷெவிக் (கம்யூனிஸ்ட்) ஆட்சி விழப்போகிறது, அல்லது விழுந்தேவிட்டது என்று 91 முறை எழுதியிருந்தார்கள். விழப்போகிற அந்த ஆட்சி அதற்கப்புறம் எழுபது வருடம் இருந்தது. சதி எதுவும் இல்லை, எழுதியவர்கள் எதைப் பார்க்க ஆசைப்பட்டார்களோ அதைப் பார்த்தார்கள் என்பதுதான் இருவரும் கண்டுகொண்டது. கூடவே, பெயர் சொல்லாத 'அரசு வட்டாரங்கள்', 'தூதரக வட்டாரங்கள்' மேல் அவர்களுக்கு இருந்த எரிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் டெஸ்க்கிலும் வட்டாரங்கள் உண்டு. வட்டாரம் என்றால் அநேகமாக ஒரே ஆள், சில சமயம் அதுவும் இல்லை, ஏஜென்சிக்காரர் தங்கியிருந்த ஓட்டலின் வரவேற்பறை.

அதே பத்திரிகை, அதே நாடு, பதின்மூன்று வருடம் கழித்து இன்னொரு கதை. இது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 1933 மார்ச்சில் கேரத் ஜோன்ஸ் என்ற இளம் வேல்ஸ்காரர் அப்போது சோவியத் யூனியனில் இருந்த உக்ரைன் கிராமங்களில் கால்நடையாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு, பெர்லினில் வந்து நிருபர்களிடம் பஞ்சம் என்று சொன்னார். ரொட்டி இல்லை, சாகிறோம் என்ற குரலைத்தான் போன இடமெல்லாம் கேட்டதாகச் சொன்னார். இரண்டே நாளில், மார்ச் 31 அன்று, அந்தப் பத்திரிகையின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டி அவரை மறுத்து எழுதினார். தலைப்பின் சாரம், ரஷ்யர்களுக்குப் பசி உண்டு, பட்டினி இல்லை. உள்ளே இன்னும் நுணுக்கம். பட்டினிச் சாவு கிடையாதாம், ஆனால் சத்துக்குறைவால் வரும் நோய்களால் பரவலாக இறப்பு இருக்கிறதாம்.

இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் தொழில்காரன் என்ற முறையில் எனக்கு உடம்பு கூசும். இதில் ஒரு சொல்லைத் தனியாக எடுத்து இது பொய் என்று நிரூபிப்பது கஷ்டம். சாப்பாடு இல்லாமல் சாகிறவன் கடைசியில் ஏதோ ஒரு நோயில்தான் சாவான். பசி, பட்டினி என்று இரண்டு சொல் இருக்கிறதே, அதற்கு நடுவில் இருக்கும் சின்னச் சந்தில் லட்சக்கணக்கான பிணங்களை மறைத்துவிட முடிந்தது. டுராண்டிக்கு அதற்கு முந்தைய வருடம்தான் புலிட்சர் பரிசு கிடைத்திருந்தது. அதைத் திரும்ப வாங்குவதில்லை என்று 2003-இல்கூட முடிவெடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மனிதர்கள் இறந்ததே இல்லை, பலியானார்கள். 'நிலநடுக்கத்தில் 200 பேர் பலி', 'குண்டுவீச்சில் 40 பேர் பலி', 'படகு கவிழ்ந்து 60 பேர் பலி'. சின்னச் சொல், எந்தத் தலைப்பிலும் உட்காரும், அதனால் பலி இல்லாத நாளே கிடையாது. பலி என்றால் காணிக்கை என்பதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள், நான் நினைத்ததில்லை. யாருக்குக் காணிக்கை, கொடுத்தவர் யார்? அந்தச் சொல்லின் பெரிய சௌகரியமே அந்தக் கேள்வியை அது எழுப்பாது என்பதுதான். நிலநடுக்கத்துக்குச் சரி, அதற்குப் பின்னால் ஆள் இல்லை. குண்டு தானாக வீசிக்கொள்ளாது. 'குண்டுவீச்சில் 40 பேர் பலி' என்று எழுதும்போது அது மழை மாதிரி மேலிருந்து வந்து விழுந்த ஒன்றாகிவிடுகிறது. எந்த நாட்டு விமானம் வீசினால் 'பலி', எந்த நாட்டு விமானம் வீசினால் 'கொன்று குவித்தது' என்பதற்கும் கை பழகியிருந்தது.

இதை அழகாக அம்பலப்படுத்திய ஆய்வு ஒன்று உண்டு. 1983 செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம் ஒரு தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது, 269 பேர் இறந்தார்கள். 1988 ஜூலை 3 அன்று வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் ஈரான் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது, 290 பேர் இறந்தார்கள். இரண்டிலும் சுட்ட தரப்பு, அந்தச் சூழ்நிலையில் தாங்கள் சுட்டது நியாயமே என்றுதான் சொன்னது. அமெரிக்க ஊடகங்கள் இந்த இரண்டையும் எப்படி எழுதின என்று ராபர்ட் என்ட்மன் என்ற ஊடக ஆய்வாளர் 1991-இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் சம்பவத்துக்கு 'நியூஸ்வீக்' அட்டையில் போட்டது வானில் ஒரு கொலை என்ற பொருளில். இரண்டாவதற்கு, ஏன் நடந்தது என்ற பொருளில். ஒன்று கொலை, இன்னொன்று கோளாறு. ஒன்றில் இறந்தவர்களின் முகம் தெரிகிறது, இன்னொன்றில் ரேடார் திரை. செய்தியில் இருந்த தகவல்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்பதை மறக்கக் கூடாது. படித்து முடித்தபோது ஒரு நாடு கொலைகார நாடு, இன்னொன்று தவறு செய்துவிட்டு வருந்தும் நாடு.

நம் தமிழ்ச் சொற்களையும் இரவல் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம். மத்திய கிழக்கு என்கிறோமே, யாருக்குக் கிழக்கு? நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அரபு நாடுகள் சூரியன் அஸ்தமிக்கிற பக்கம் இருக்கின்றன. 1902-இல் ஆல்ஃபிரட் மாஹன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி லண்டன் இதழ் ஒன்றில் அந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டார், லண்டன் 'டைம்ஸ்' நிருபர் வேலன்டைன் சிரோல் அதைப் பிடித்துக்கொண்டு தொடராக எழுதினார், அவ்வளவுதான், நூறு வருடம் கழித்து நானும் மேற்கே கையைக் காட்டி கிழக்கு என்று எழுதிக்கொண்டிருந்தேன். மேற்கு ஆசியா என்று ஒருமுறை மாற்றிப் போட்டேன். புரூஃப் பார்த்தவர் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டார்.

அகதி விஷயமும் அப்படித்தான். ஒரே படகில் வந்த ஒரே ஆள், ஒரு பேப்பரில் அகதி, இன்னொன்றில் குடியேறி, மூன்றாவதில் ஊடுருவல்காரர். 2015-இல் மத்தியதரைக் கடலில் படகுகள் கவிழ்ந்துகொண்டிருந்தபோது அல் ஜஸீரா இனிமேல் குடியேறிகள் என்று எழுதமாட்டோம், அகதிகள் என்றே எழுதுவோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. அதை ஏற்காதவர்களும் இருந்தார்கள், எல்லோரும் போரிலிருந்து தப்பி வரவில்லையே என்றார்கள். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் குறைந்தபட்சம் ஒரு செய்தி நிறுவனம் தான் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை ஒத்துக்கொண்டது, அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நாங்கள் யாரும் எதையும் தேர்ந்தெடுத்ததாக நினைத்ததே இல்லை. (தேர்ந்தெடுத்த சொல்லும் எல்லா வாசகரையும் ஒரே மாதிரி சேராது என்பது தனிக் கதை. இலங்கைத் தமிழருக்கு அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். 'அமெரிக்க அதிபர் போருக்கு உத்தரவு' என்ற நம் தலைப்பு அங்கே முதல் கணத்தில் எப்படித் தோன்றுமோ.)

நல்ல எண்ணத்தோடு எழுதிய சொல்லும் ஒரு நாட்டை முடக்கிப் போடும். 1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கோரெம் என்ற ஊரிலிருந்து பிபிசியின் மைக்கேல் பர்க் தந்த செய்தி உலகத்தையே உலுக்கியது. பைபிளில் வருவது போன்ற பஞ்சம், அதுவும் இந்த இருபதாம் நூற்றாண்டில், என்றார். அந்தச் செய்தியால் பணம் குவிந்தது, உயிர்கள் பிழைத்தன, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. ஆனாலும் பைபிள் என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். பைபிள் பஞ்சம் கடவுள் அனுப்புவது, அதற்குக் காரணமான அமைச்சர் இருக்கமாட்டார், ராணுவம் இருக்காது. எத்தியோப்பியாவில் இரண்டும் இருந்தன. மழை பொய்த்தது உண்மை, அதோடு வடக்கே போர் நடந்துகொண்டிருந்தது, ராணுவ அரசு அந்தச் செப்டம்பரில்தான் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவைத் தடபுடலாகக் கொண்டாடியிருந்தது. அந்த ஒரு சொல் அரசியலைத் துடைத்துவிட்டு வறண்ட பூமியையும் எலும்புக் குழந்தைகளையும் மட்டும் விட்டுவைத்தது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய விமான நிறுவனம் எத்தியோப்பியாவுடையது என்று நான் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏன் அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஆச்சரியப்படும்படி என்னைத் தயார் செய்தது நான் படித்த பேப்பர், அப்புறம் நான் எழுதிய பேப்பர்.

ஸ்பெயினைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். முதல் உலகப்போரில் சண்டையிட்ட நாடுகள் 1918-இல் காய்ச்சல் பரவும் செய்தியைத் தணிக்கை செய்தன. ஸ்பெயின் நடுநிலை நாடு, அங்கே பேப்பர்கள் இருந்ததை எழுதின, மன்னர் அல்ஃபோன்சோ படுத்ததையும் எழுதின. விளைவு, ஸ்பானிஷ் காய்ச்சல். உண்மையை அச்சிட்டதற்குக் கிடைத்த கூலி. நோய்க்கு நாட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லும் வரை, கிட்டத்தட்ட நூறு வருடம், ஸ்பெயின்காரர்கள் அதைச் சுமந்தார்கள், இன்னும் சுமக்கிறார்கள்.

சரி, வடகொரியாவுக்கு வருகிறேன். 2013 டிசம்பரில் கிம் ஜோங் உன் தன் மாமா சாங் சோங் தேக்குக்கு மரண தண்டனை கொடுத்தார், அது நிஜம். சில வாரங்களில் இன்னொரு செய்தி உலகம் முழுக்க ஓடியது. அவரைப் பசித்த 120 நாய்களுக்கு இரையாகப் போட்டார்களாம். கிளம்பிய இடம் சீன மைக்ரோபிளாக்கில் ஒருவர் போட்ட நையாண்டி. அதை ஹாங்காங் பத்திரிகை ஒன்று எடுத்தது, அதைச் சிங்கப்பூர் பத்திரிகை எடுத்தது, அப்புறம் யார்தான் எடுக்கவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் ஹ்யோன் சோங் வோல் என்ற பாடகியைச் சுட்டுக் கொன்றுவிட்டதாகத் தென்கொரியப் பெரிய நாளிதழ் ஒன்று எழுதியது. அவர் அடுத்த வருடம் மே மாதம் தொலைக்காட்சியில் தோன்றினார், 2018 ஜனவரியில் குழுவுக்குத் தலைமை தாங்கித் தென்கொரியாவுக்கே வந்து இறங்கினார்.

இந்த இரண்டையும் ஏன் யாரும் சரிபார்க்கவில்லை? சரிபார்க்க முடியாத நாடு என்பது ஒரு காரணம், நியாயமான காரணம். ஆனால் இதே செய்தி பெல்ஜியத்தைப் பற்றி வந்திருந்தால், அமைச்சரை நாய்க்குப் போட்டார்கள் என்று வந்திருந்தால், எந்த டெஸ்க்கிலும் ஒருவராவது, 'என்னப்பா இது' என்று நிமிர்ந்து பார்த்திருப்பார். வடகொரியா என்றதும் யாரும் நிமிரவில்லை. 'மிரட்டல்', 'அடாவடி', 'கொடூரம்' என்று நாங்களே பத்து வருடம் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக் கட்டிய வீடு அது, அதற்குள் 120 நாய்கள் வெகு இயல்பாகப் படுத்துக்கொண்டன. இதில் கஷ்டப்படுவது கிம் இல்லை. நாய்க்கதை சிரிப்புக்கு ஆளானதும், அங்கே நிஜமாகவே நடக்கும் அக்கிரமத்தைச் சொல்கிறவர்களையும் உலகம் பாதி நம்பிக்கையோடுதான் கேட்கிறது.

மூத்தவரிடம் ஒருமுறை இதை வாதாடியிருக்கிறேன். கோபப்படாமல் கேட்டுவிட்டு, "வாசகனுக்குத் தெரிஞ்ச நாட்டைத்தான் தம்பி நாம கொடுக்க முடியும், தெரியாத நாட்டைக் கொடுத்தா பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிடுவான்" என்றார். அப்போது பதில் தோன்றவில்லை. இப்போதும் முழுசாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் நார்வே நாளிதழ்களை வைத்து இதைத்தான் எழுதினார்கள்: தூரத்து நாடு செய்தியாக வேண்டுமென்றால் ஒன்று அது நமக்கு ஏற்கெனவே பழகிய உருவத்தில் வர வேண்டும், இல்லையென்றால் கெட்ட செய்தியாக வர வேண்டும். மூத்தவர் அதைப் படித்ததில்லை, இருபது வருட டெஸ்க் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

பிற்பாடு வேறு வேலைக்குப் போனேன், பேப்பருக்குச் சம்பந்தமில்லாத வேலை. அங்கே பொலிவியாக்காரி ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். அறிமுகமான அன்று அவள் நாட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்துத் தேடினால் எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, மலைப்பாதையில் பஸ் உருளும் நாடு. அமெரிக்கப் பத்திரிகைகளில் ஈய அச்சுக் காலத்தில் பக்கத்தின் அடியில் விழும் ஓட்டையை அடைக்க இந்த மாதிரிச் செய்திகளைத் தயாராக வைத்திருப்பார்களாம், பெருவில் பஸ் உருண்டது, நேபாளத்தில் பஸ் உருண்டது என்று இரண்டு வரி. எங்களிடம் ஈய அச்சு இல்லை, ஓட்டை இருந்தது. பொலிவியாவில் பஸ் பள்ளத்தில் உருண்டதை நானே பல தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். வாய் சும்மா இருக்காமல் அவளிடம் அந்த 'மரணச் சாலை' பற்றிக் கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சாலை லா பாஸிலிருந்து கொரொய்க்கோவுக்குப் போவது, லா பாஸ் மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் குளிரில் நடுங்கும் ஊர், கொரொய்க்கோ கீழே, வெதுவெதுப்பாக இருக்கும், பச்சையாக இருக்கும், வார இறுதியில் ஊர் மொத்தமும் அங்கேதான் போகும் என்றாள். 2006 வாக்கில் புதுச் சாலை போட்ட பிறகு பழைய சாலையில் பெரும்பாலும் சைக்கிள் ஓட்டும் வெளிநாட்டுக்காரர்கள்தான், மரணம் என்ற பெயருக்காகவே காசு கொடுத்து வருகிறார்கள் என்றாள். சின்ன வயதில் பழைய சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறாளாம், அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுவாராம், இவள் ஜன்னல் பக்கம் உட்கார வேண்டுமென்று அழுவாளாம்.

"நீ எழுதினாயே, அந்த பஸ்களில் இருந்தவர்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்று எழுதினாயா?" என்று கேட்டாள்.

இடம் இல்லை என்றேன்.